மைனர் 7 கார்ட்: பியானோவில் புரிந்துகொண்டு கிட்டாரில் பிடிப்பது எப்படி

கிட்டார் கற்க ஆரம்பிப்பவர்கள் ஏ மைனர் 7 கார்டை (ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டத்தை) பெரும்பாலும் ஒரு விரல் வடிவமாகத்தான் மனப்பாடம் செய்கிறார்கள். ஏ மைனரைப் பிடி, ஒரு விரலைத் தூக்கு, முடிந்தது. அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் விரலைத் தூக்கியதும் எந்த ஸ்வரம் போய் எந்த ஸ்வரம் வந்தது என்று கேட்டால் முழிக்கிறார்கள். அப்புறம் ஒரு பாட்டில் சி மைனர் 7 வந்ததும், தூக்குவதற்கு விரலே இல்லாமல் மறுபடியும் படம் தேடக் கிளம்புகிறார்கள்.

பியானோ கற்பவர்களுக்கு வேறு சிக்கல். ஸ்வரங்கள் தெரியும், ஆனால் நாலையும் ஒரே கையில் அடுக்கி, கீழே ஒரு இடத்தில் கொத்தாக அழுத்தி, ஏன் இப்படிக் கொழகொழவென்று கேட்கிறது என்று யோசிப்பார்கள்.

இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான்: கார்டுக்குள் எந்த இரண்டு ஸ்வரங்கள் அதை மைனர் 7 ஆக்குகின்றன, அவை இப்போது எந்த விரலில், எந்தத் தந்தியில் இருக்கின்றன என்று தெரிந்து வாசிப்பது. நீங்கள் கிட்டார் மட்டும் வாசிப்பவராக இருந்தாலும் பியானோ பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். கட்டைகளில் தூரம் கண்ணுக்குத் தெரியும், கிட்டாரில் தெரியாது. வரிசை இப்படி இருப்பதற்கு அதுதான் காரணம்.

## 1. உட்காருவதற்கு முன்

கீபோர்டு எதுவானாலும் சரி, போனில் இருக்கும் பியானோ ஆப் கூடப் போதும். கீபோர்டு என்றால் டிரான்ஸ்போஸ் (எல்லா ஸ்வரங்களையும் ஒரேயடியாக ஏற்றி இறக்கும் வசதி) 0-வில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கச்சேரிக்கோ சர்ச்சுக்கோ யாராவது ஏற்றி வைத்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள். நீங்கள் ஏ என்று நினைத்து அழுத்துவது பி-யாக ஒலிக்கும், கிட்டாரோடு சேரும்போது எல்லாமே தப்பாகக் கேட்கும்.

கிட்டாரை ட்யூனர் வைத்து ட்யூன் செய்துகொள்ளுங்கள்: தடித்த தந்தியிலிருந்து ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. தடித்தது 6-வது, மெல்லியது 1-வது. இந்த எண்ணிக்கையைத் தலைகீழாக வைத்துக்கொள்பவர்கள் நிறைய, அதனால் சொல்கிறேன். கீழே வடிவங்களை எழுதும்போது 6-லிருந்து 1 வரை இடமிருந்து வலமாக ஃப்ரெட் (கழுத்தில் குறுக்குக் கம்பிகளுக்கு நடுவே உள்ள கட்டம்) எண்களைக் கொடுத்திருக்கிறேன். 0 என்றால் விரல் வைக்காமல் திறந்த தந்தி, × என்றால் அந்தத் தந்தி ஒலிக்கக் கூடாது.

கிட்டாரில் ஏ மைனர், ஈ மைனர், டி மைனர் மூன்றும் ஓரளவு சுத்தமாக வர வேண்டும். வரவில்லையென்றால் பியானோ பகுதியை இன்றைக்கு முடித்துவிட்டு, அந்த மூன்றையும் பழகிய பிறகு மிச்சத்துக்கு வாருங்கள்.

## 2. நாலு ஸ்வரங்களை எண்ணிக் கண்டுபிடிப்பது

கீபோர்டில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு நடுவே (கருப்பையும் சேர்த்துத்தான்) உள்ள தூரம் ஒரு செமிடோன். கிட்டாரில் அதுவே ஒரு ஃப்ரெட்.

மைனர் 7-க்குக் கணக்கு 3, 4, 3. எந்த ஸ்வரத்தில் தொடங்குகிறீர்களோ அதுதான் ரூட். அதிலிருந்து 3 செமிடோன் மேலே அடுத்த ஸ்வரம், அங்கிருந்து 4 மேலே அதற்கடுத்தது, அங்கிருந்து இன்னொரு 3 மேலே கடைசி ஸ்வரம். ஏ-யில் தொடங்கினால் ஏ, சி, ஈ, ஜி. நாலுமே வெள்ளைக் கட்டை. முதல் கார்டாக இதை எடுத்துக்கொள்ள அது ஒன்றே போதும்.

இங்கேயே முதல் சறுக்கல் நடக்கும். எண்ணும்போது தொடங்கும் கட்டையையே ஒன்று என்று எண்ணிவிடுவார்கள். ஏ ஒன்று, ஏ ஷார்ப் (ஏ-க்கு ஒரு செமிடோன் மேலே உள்ள கருப்புக் கட்டை) இரண்டு, பி மூன்று என்று போய் பி-யில் நின்றுவிடுவார்கள். எண்ணுவது கட்டையை அல்ல, தாவலை. ஏ-யிலிருந்து ஏ ஷார்ப் முதல் தாவல், பி இரண்டாவது, சி மூன்றாவது.

கர்நாடக சங்கீதம் கொஞ்சம் தெரிந்தவர்களுக்கு இது இன்னும் எளிது. ரூட்டை சட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸா, சாதாரண காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம். கரஹரப்ரியா, நடபைரவி, தோடி மூன்றிலும் இந்த நாலும் அப்படியே இருக்கின்றன. சுத்த தன்யாசியில் இந்த நாலோடு மத்யமம் மட்டும்தான் கூடுதல். அந்த ராகத்தின் ஆரோகணத்தைப் பாடத் தெரிந்தால் மத்யமத்தை விட்டுவிட்டுப் பாடுங்கள், கார்டைப் பாடிவிட்டீர்கள்.

எண்ணுவதை விட வேகமான இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, ஏழாவது ஸ்வரத்துக்கு மட்டும் (ஏ, பி, சி என்று எழுத்துப் பெயர்களை எண்ணினால் ஏ-யிலிருந்து சி மூன்றாவது, ஜி ஏழாவது; இனி அப்படியே சொல்கிறேன்): ரூட்டின் மேல் ஸ்தாயிக்குப் போய் இரண்டு செமிடோன் இறங்குங்கள். மேல் ஏ-யிலிருந்து இரண்டு இறங்கினால் ஜி. இன்னொன்று: ரூட்டிலிருந்து 3 செமிடோன் மேலே உள்ள மேஜர் கார்டைப் பிடித்து, அடியில் ரூட்டை வையுங்கள். சி மேஜருக்கு அடியில் ஏ வைத்தால் ஏ மைனர் 7. எஃப் மேஜருக்கு அடியில் டி வைத்தால் டி மைனர் 7. வெறும் மைனரின் சோகம் இதில் கொஞ்சம் இளகிக் கேட்பதற்கும் இதுவே காரணம்: உள்ளே முழுசாக ஒரு மேஜர் கார்ட் உட்கார்ந்திருக்கிறது.

## 3. பெயரில் எது எதைக் குறிக்கிறது

கார்ட் ஷீட்டில் பெரிய எழுத்து ஏ, பக்கத்தில் சின்ன எம், அப்புறம் 7. சிலர் சின்ன எம்முக்குப் பதிலாக ஒரு கழித்தல் குறி போடுவார்கள், அதுவும் மைனர்தான். ஆனால் எம் பெரிய எழுத்தாக இருந்தால் அது மேஜர் 7, வேறு கார்ட்.

'மைனர்' என்பது மூன்றாவது ஸ்வரத்தைப் பற்றிய தகவல். '7' என்று மட்டும் இருந்தால் ஏழாவது ஸ்வரம் மேல் ஸ்தாயி ரூட்டுக்கு இரண்டு செமிடோன் கீழே. ஒரு செமிடோன் மட்டும் கீழே வேண்டுமென்றால் 'மேஜர் 7' என்று தனியாக எழுதியாக வேண்டும். ஏ-யை வைத்து நாலையும் அடுத்தடுத்து வாசித்துப் பாருங்கள்:

ஏ மைனர் 7: ஏ, சி, ஈ, ஜி
ஏ 7: ஏ, சி ஷார்ப், ஈ, ஜி
ஏ மேஜர் 7: ஏ, சி ஷார்ப், ஈ, ஜி ஷார்ப்
ஏ மைனர் மேஜர் 7: ஏ, சி, ஈ, ஜி ஷார்ப்

ஏ-யும் ஈ-யும் நாலிலும் அப்படியே இருக்கின்றன. மாறுவது மூன்றாவதும் ஏழாவதும் மட்டும். ஆக ஒரு கார்டில் இந்த இரண்டில் ஒன்று ஒலிக்காமல் போனால், மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் நீங்கள் வாசித்தது மைனர் 7 இல்லை. கிட்டார் பகுதியில் இதை வைத்துத்தான் ஒவ்வொரு வடிவத்தையும் சோதிக்கப் போகிறோம்.

## 4. பியானோவில் முதல் பிடி

நடு சி-க்கு இடப்பக்கம் உள்ள ஏ-யில் வலது கைக் கட்டை விரலை வையுங்கள். சி-யில் ஆள்காட்டி விரல், ஈ-யில் நடுவிரல், ஜி-யில் சுண்டு விரல். மோதிர விரல் சும்மா இருக்கட்டும். கை சின்னதாக இருந்து ஈ-க்கு மோதிர விரல்தான் வசதி என்றால் அதுவும் பரவாயில்லை.

முதலில் ஒவ்வொன்றாக, அப்புறம் நாலும் ஒன்றாக. ஒன்றாக அழுத்தும்போது சுண்டு விரல் பலவீனமாக இருப்பதால் ஜி மங்கிப் போகும், ஏழாவதே கேட்காது. இதற்காகக் கையைப் பலமாக அடிக்கத் தேவையில்லை. மணிக்கட்டைக் கொஞ்சம் சுண்டு விரல் பக்கமாகச் சாய்த்தால் போதும், எடை அங்கே போய்விடும்.

இப்போது சுண்டு விரலை எடுத்துவிட்டு வெறும் ஏ மைனர், மறுபடி ஜி-யோடு ஏ மைனர் 7. மாற்றி மாற்றி வாசித்து, கண்ணை மூடிக்கொண்டு எது எதுவென்று சொல்ல வருகிற வரைக்கும். இந்தக் காது வேலையைத் தவிர்த்துவிட்டுப் போனால், பின்னால் கிட்டாரில் ஒரு தந்தி செத்துப் போனதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

## 5. மற்ற ரூட்களுக்கு நகர்வது

இந்த இடத்தில் ஏமாறாதவர் அபூர்வம். ஏ மைனர் 7 கிடைத்த சந்தோஷத்தில் கையை அப்படியே ஒரு வெள்ளைக் கட்டை நகர்த்தி பி, டி, எஃப், ஏ என்று அழுத்துவார்கள். கை வடிவம் அதேதான், ஆனால் அது பி மைனர் 7 இல்லை. பி-யிலிருந்து எஃப் வரை 6 செமிடோன்தான், 7 வேண்டும். எஃப் ஷார்ப் எடுத்தால்தான் பி மைனர் 7.

வெள்ளைக் கட்டைகள் எல்லாம் சம தூரத்தில் இருப்பதுபோல் கண்ணுக்குத் தெரியும், ஒலியில் அப்படி இல்லை. பி-சி நடுவிலும் ஈ-எஃப் நடுவிலும் கருப்புக் கட்டை கிடையாது. அதனால் வெள்ளையிலேயே ஒன்று விட்டு ஒன்று பிடித்தால் மைனர் 7 கிடைப்பது மூன்று இடத்தில் மட்டும்: டி, ஈ, ஏ. சி-யிலும் எஃப்-லும் மேஜர் 7 வரும், ஜி-யில் ஜி 7 வரும், பி-யில் வருவது மேலே சொன்ன அரைகுறை.

ஆகவே மற்றவற்றுக்கு 3, 4, 3 எண்ணுங்கள். பழக வேண்டிய வரிசை என்று நான் சொல்வது: டி மைனர் 7 (டி, எஃப், ஏ, சி), ஈ மைனர் 7 (ஈ, ஜி, பி, டி), பிறகு ஒரு கருப்புக் கட்டை உள்ள ஜி மைனர் 7 (ஜி, பி-க்கு ஒரு செமிடோன் கீழே உள்ள பி ஃப்ளாட், டி, எஃப்), பி மைனர் 7 (பி, டி, எஃப் ஷார்ப், ஏ), அப்புறம் இரண்டு கருப்புள்ள சி மைனர் 7 (சி, ஈ ஃப்ளாட், ஜி, பி ஃப்ளாட்), எஃப் ஷார்ப் மைனர் 7 (எஃப் ஷார்ப், ஏ, சி ஷார்ப், ஈ). ஈ ஃப்ளாட் மைனர் 7 முழுக்கக் கருப்பு: ஈ ஃப்ளாட், ஜி ஃப்ளாட், பி ஃப்ளாட், டி ஃப்ளாட். பார்க்கப் பயமாக இருக்கும், கைக்கு ரொம்ப சுகமான கார்ட்.

## 6. இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுப்பது

நாலு ஸ்வரத்தையும் இடது கையில், நடு சி-க்கு ஒரு ஸ்தாயிக்கும் கீழே, நெருக்கமாக அழுத்தினால் தெளிவே இருக்காது. தாழ்ந்த ஸ்தாயியில் நெருங்கிய ஸ்வரங்களின் ஒலி ஒன்றோடொன்று உரசும். கருவியின் குறை இல்லை, எந்த கிராண்ட் பியானோவிலும் அப்படித்தான்.

அதனால் இடது கையில் ஏ மட்டும், நடு சி-யிலிருந்து வலது கையில் சி, ஈ, ஜி. பாட்டுக்குக் கூட வாசிக்க இதுவே பெரும்பாலும் போதும். வலது கை வெறும் சி மேஜர், இடது கைதான் அதை ஏ மைனர் 7 ஆக்குகிறது.

இன்னும் கொஞ்சம் திறந்த ஒலி வேண்டுமென்றால் இடது கையில் ஏ-யும் அதற்கு மேலே உள்ள ஜி-யும் (சுண்டு விரல், கட்டை விரல்), வலது கையில் சி, ஈ. பாட்டு மெதுவாகப் போகும்போது இது அழகு.

பெடல் பற்றி ஒரு வரி: கார்ட் மாறும்போது பழைய பெடலை விட்டு, புதிய கார்டை அழுத்திய பிறகு மிதிக்க வேண்டும். கையும் காலும் ஒன்றாக இறங்கினால் பழைய கார்டின் மிச்சம் புதிதில் ஒட்டிக்கொள்ளும்.

## 7. இன்வெர்ஷன்

அதே நாலு ஸ்வரங்கள், அடியில் வேறொன்று: சி-ஈ-ஜி-ஏ, ஈ-ஜி-ஏ-சி, ஜி-ஏ-சி-ஈ. இது எதற்கு என்றால், கை தாவாமல் அடுத்த கார்டுக்குப் போவதற்கு. எல்லா கார்டையும் ரூட்டிலிருந்தே பிடிப்பவர்களின் வாசிப்பு பந்து குதிப்பதுபோல் இருக்கும்.

இன்வெர்ஷனில் ஜி-யும் ஏ-யும் பக்கத்தில் வந்துவிடும். அந்த இரண்டும் சேர்ந்து கொஞ்சம் உறுத்தும், உடனே தப்பு வாசித்துவிட்டோமோ என்று கையை எடுத்துவிடாதீர்கள். இரண்டையும் மற்றவற்றை விட மெதுவாக அழுத்தினால் சரியாகிவிடும். இன்னொன்று, சி-ஈ-ஜி-ஏ என்று பிடித்தால் ஆட்டோ ரிதம் உள்ள கீபோர்டு திரையில் சி 6 என்று காட்டலாம். அதுவும் உண்மைதான், இரண்டுக்கும் ஸ்வரங்கள் ஒன்றே. எந்தப் பெயர் என்பதை அடியில் ஒலிக்கும் பேஸ் முடிவு செய்கிறது.

## 8. கிட்டாரில் ஏ மைனர் 7

×-0-2-0-1-0

ஏ மைனரைப் பிடியுங்கள்: 2-வது தந்தி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், 4-வது தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல், 3-வது தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் மோதிர விரல். மோதிர விரலைத் தூக்குங்கள். 3-வது தந்தியில் அது வரைக்கும் ஏ இருந்தது, இப்போது திறந்த ஜி. அதாவது ரூட்டின் மேல் ஸ்தாயியிலிருந்து இரண்டு ஃப்ரெட் இறங்கிவிட்டீர்கள். பியானோவில் செய்த அதே காரியம்.

சிலர் நடுவிரலைத் தூக்கிவிட்டு மோதிர விரலை விட்டுவிடுவார்கள். அப்போது 4-வது தந்தியில் டி ஒலிக்கும், டி இந்தக் கார்டில் இல்லவே இல்லை.

இப்போது மேலிருந்து ஒவ்வொரு தந்தியாக மீட்டுங்கள். இந்த வழிகாட்டியில் நீங்கள் எதைத் தவிர்த்தாலும் இதைத் தவிர்க்காதீர்கள். 3-வது தந்தி மணிபோல் ஒலிக்கிறதா, டொக் என்று சாகிறதா? பழகாத கையில் நடுவிரல் படுத்திருக்கும், அதன் சதை லேசாக 3-வது தந்தியில் பட்டுக்கொண்டிருக்கும். மொத்தமாக ஸ்ட்ரம் செய்தால் ஒன்றும் தெரியாது, நன்றாகத்தான் கேட்கும். ஏனென்றால் ஜி செத்தால் மிச்சம் இருப்பது ஏ, ஈ, சி, ஈ. அது நல்ல சுத்தமான ஏ மைனர். ஏ மைனர் 7 பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு ஏ மைனரையே வாசித்துக்கொண்டிருப்பீர்கள்.

சரி செய்ய: கட்டை விரலை கழுத்தின் பின்புறம் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள், மணிக்கட்டு கொஞ்சம் முன்னால் வரட்டும், விரல் நுனி தந்தியில் செங்குத்தாக இறங்கும். நகம் வளர்த்திருந்தால் இடது கையில் வெட்டியே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

6-வது தந்தி தவறிப்போய் ஒலித்தால் இந்தக் கார்டில் பெரிய குற்றமில்லை, ஈ கார்டுக்குள் இருக்கும் ஸ்வரம்தான். பேஸ் மட்டும் மாறிக் கேட்கும்.

## 9. ஈ மைனர் 7, டி மைனர் 7

ஈ மைனர் 7-க்கு மிக எளியது 0-2-0-0-0-0. ஒரே விரல். ஏழாவது ஸ்வரம் டி, அது திறந்த 4-வது தந்தியில். 5-வது தந்தியில் வைத்த விரல் சாய்ந்து 4-வதை அடைக்கிறதா என்று பாருங்கள், அதே நோய்தான். அடுத்த கார்டுக்குப் போகும்போது சுண்டு விரல் வசதியாக இருந்தால் 0-2-2-0-3-0 பிடிக்கலாம். டி அப்போது 2-வது தந்தி மூன்றாம் ஃப்ரெட்டுக்குப் போய்விடுகிறது, மேல் தந்தியில் இருப்பதால் தெளிவாகவும் கேட்கும்.

டி மைனர் 7: ×-×-0-2-1-1. ஆள்காட்டி விரல் முதல் ஃப்ரெட்டில் 1, 2 இரண்டு தந்திகளையும் படுக்கையாக அழுத்துகிறது, நடுவிரல் 3-வது தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில். இங்கே முக்கியமான இரண்டும் அந்தப் படுத்த விரலுக்கு அடியில்தான்: 1-வது தந்தியில் எஃப் (மூன்றாவது), 2-வதில் சி (ஏழாவது). இரண்டில் எது செத்தாலும் கார்ட் போச்சு. விரலின் நடுச்சதையை விட, கட்டை விரலை நோக்கிய பக்கவாட்டு எலும்பு தந்தியில் படுமாறு லேசாக உருட்டுங்கள்.

இதில் 6-வது தந்தி ஒலித்தால் மன்னிப்புக் கிடையாது. ஈ, டி மைனர் 7-இல் இல்லை, அடியில் வந்தால் அசிங்கமாகக் கேட்கும். 5-வது தந்தி ஏ பட்டால் பரவாயில்லை.

போனசாக ஒன்று: பி மைனர் 7-ஐ பார் (ஒரே விரலைப் படுக்க வைத்துப் பல தந்திகளை அழுத்துவது) போடாமல் ×-2-0-2-0-2 என்று பிடிக்கலாம். பி மைனர் பாரில் மாட்டிக்கொண்டு தவிப்பவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதைத்தான். 4-வது தந்தியில் திறந்த டி, 3-வது தந்தி இரண்டாம் ஃப்ரெட்டில் ஏ. முக்கியமான இரண்டும் நடுவில் பத்திரமாக இருக்கின்றன.

## 10. எங்கும் நகர்த்தக்கூடிய பார் வடிவங்கள்

முதல் ஃப்ரெட் பக்கம் தந்திகள் விறைப்பாக இருக்கும், அங்கே ஆரம்பிக்காதீர்கள். 5-வது ஃப்ரெட்டில் ஆரம்பியுங்கள். கை நோகாது, இன்னொரு காரணமும் உண்டு, சொல்கிறேன்.

6-வது தந்தியில் ரூட்: 5-7-5-5-5-5. ஆள்காட்டி விரல் 5-வது ஃப்ரெட் முழுக்க, மோதிர விரல் 5-வது தந்தி ஏழாம் ஃப்ரெட்டில். இது ஏ மைனர் 7. ஏற்கெனவே தெரிந்த திறந்த ஏ மைனர் 7-ஐ வாசித்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும் என்பதுதான் அந்த இன்னொரு காரணம்.

வெறும் மைனர் பாரை விட இது கஷ்டம் என்று பலருக்குத் தோன்றும், நியாயம்தான். உதவிக்கு ஒரே ஒரு விரல்தான் இருக்கிறது, ஆள்காட்டி விரலே 4, 3, 2, 1 எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். 3-வது தந்தியில்தான் மைனரை மைனராக்கும் சி இருக்கிறது, பெரும்பாலான கைகளில் விரல் மூட்டின் மடிப்பு சரியாக அங்கேதான் வந்து உட்காரும். பலமாக அழுத்துவதை விட விரலை ஒரு நூல் மேலேயோ கீழேயோ நகர்த்திப் பாருங்கள், மடிப்பு இரண்டு தந்திகளுக்கு நடுவே போய்விடும். சும்மா இருக்கும் நடுவிரலை ஆள்காட்டி விரலின் முதுகில் ஏற்றி முட்டுக் கொடுப்பதும் அனுமதிக்கப்பட்டதுதான்.

5-வது தந்தியில் ரூட்: ×-5-7-5-6-5. ஆள்காட்டி விரல் 5-வது தந்தியிலிருந்து கீழே பார், மோதிர விரல் 4-வது தந்தி ஏழில், நடுவிரல் 2-வது தந்தி ஆறில். இது டி மைனர் 7. இதில் ஏழாவது ஸ்வரம் சி 3-வது தந்தியில், மூன்றாவது எஃப் 2-வது தந்தியில். மோதிர விரலின் அடிப்பகுதி சாய்ந்து 3-வதை மூடுவது வழக்கமான கோளாறு.

இரண்டும் ஒரே ஃப்ரெட்டில் இருப்பதால் பாரை எடுக்காமலே ஏ மைனர் 7, டி மைனர் 7 என்று மாற்றிப் பழகலாம். கை பழகியதும் நகர்த்துங்கள். முதல் வடிவத்தை மூன்றாம் ஃப்ரெட்டுக்குக் கொண்டுவந்தால் ஜி மைனர் 7, ஏழில் பி மைனர் 7. இரண்டாவதை மூன்றாம் ஃப்ரெட்டில் வைத்தால் அந்த சி மைனர் 7.

## 11. பார் வரவில்லையென்றால்

5-×-5-5-5-×. நடுவிரல் 6-வது தந்தியில், அதன் நுனி 5-வது தந்தியைத் தொட்டு மூடட்டும். மோதிர விரல் 4, 3, 2 தந்திகளில் படுக்கட்டும், 1-வதை அதன் அடிச்சதை மூடிவிடும். ஒலிப்பது ஏ, ஜி, சி, ஈ. நாலும் ஒவ்வொரு முறை, ஒன்றும் மிச்சமில்லை, ஒன்றும் குறைவில்லை.

இதை எளிய மாற்று என்று நினைத்து ஒதுக்காதீர்கள். ஜாஸ், போஸா நோவா வாசிப்பவர்கள் விரும்பிப் பிடிப்பது இதுதான். ஸ்ட்ரம்மை விட வலது கைக் கட்டை விரலும் மூன்று விரல்களும் சேர்த்துக் கிள்ளினால் பியானோ போலவே ஒன்றாக எழும்.

## 12. ஒரு ஓட்டத்தில் போட்டுப் பார்ப்பது

தனியாக ஒரு கார்டைப் பிடிப்பதால் அதன் வேலை புரியாது. சி மேஜர் ஸ்கேலில் மைனர் 7 இயல்பாக வரும் இடங்கள் இரண்டாவது, மூன்றாவது, ஆறாவது ஸ்வரங்களின் மேல்: டி, ஈ, ஏ. இதில் அதிகம் காதில் விழுவது டி மைனர் 7, ஜி 7, சி மேஜர் 7 என்ற வரிசை.

பியானோவில் இடது கை டி, ஜி, சி என்று ரூட்களை மட்டும் வாசிக்கட்டும். வலது கை இப்படி:

டி மைனர் 7: எஃப், ஏ, சி
ஜி 7: எஃப், ஜி, பி
சி மேஜர் 7: ஈ, ஜி, பி

கை ஒரே இடத்தில் இருக்கிறது. முதல் மாற்றத்தில் எஃப் நின்ற இடத்திலேயே நிற்க ஏ ஜி-க்கும், சி பி-க்கும் இறங்குகின்றன. இரண்டாவதில் மற்ற இரண்டும் நிற்க, எஃப் மட்டும் ஈ-க்கு இறங்குகிறது. டி மைனர் 7-இன் ஏழாவது ஸ்வரமான சி ஒரு செமிடோன் இறங்கி பி ஆவதைத் தனியாகக் கேளுங்கள். அந்த 7 அங்கே இருப்பதே அடுத்த கார்டை நோக்கித் தள்ளத்தான்.

கிட்டாரில் ×-×-0-2-1-1, பிறகு 3-2-0-0-0-1, பிறகு ×-3-2-0-0-0. இப்போது மேல் மூன்று தந்திகளை மட்டும் கவனியுங்கள். 1-வது தந்தியில் எஃப், எஃப், ஈ. 2-வதில் சி, பி, பி. 3-வதில் ஏ, ஜி, ஜி. பியானோவின் வலது கையில் நடந்தது ஒன்று விடாமல் இங்கேயும் நடக்கிறது. படத்தைப் பார்த்து விரலைத் தூக்கிப் போடுபவர்கள் டி மைனர் 7-இலிருந்து ஜி 7-க்குப் போகும்போது கையை முழுக்க எடுத்துவிடுவார்கள். ஆள்காட்டி விரலை 1-வது தந்தி முதல் ஃப்ரெட்டிலேயே விட்டுவிடலாம், எஃப் எங்கேயும் போகவில்லை. 2-வது தந்தியை மட்டும் விடுவிக்கிற மாதிரி விரலை நிமிர்த்தினால் போதும்.

## 13. எங்கே போடக் கூடாது

கற்றுக்கொண்ட புதிதில் கண்ணில் படும் மைனரை எல்லாம் மைனர் 7 ஆக்கத் தோன்றும். பல இடத்தில் நன்றாகவே இருக்கும். ஆனால் மெட்டில் அந்த நேரம் எந்த நிஷாதம் வருகிறது என்று கேளுங்கள்.

கீரவாணியில் அமைந்த மெட்டு என்றால், ஏ-யை ஸா-வாக வைத்தால் நிஷாதம் ஜி ஷார்ப். பாடுபவர் ஜி ஷார்ப்பில் நிற்கும்போது நீங்கள் ஏ மைனர் 7 போட்டு ஜி-யை ஒலிக்கவிட்டால் இரண்டும் நேருக்கு நேர் மோதும். அங்கே வெறும் ஏ மைனரே சரி. அதே மெட்டில் மத்யமத்தின் மேல் டி மைனர் 7 தாராளமாகப் போடலாம். டி, எஃப், ஏ, சி நாலும் கீரவாணிக்குள் இருக்கின்றன. நடபைரவியில் இந்தச் சிக்கலே இல்லை, அங்கே நிஷாதம் ஜி-தான்.

## 14. கிட்டாரும் பியானோவும் சேரும்போது

இருவரும் முழுக் கார்டையும் அதே ஸ்தாயியில் வாசித்தால் கசகசவென்று இருக்கும். கிட்டார் திறந்த ஏ மைனர் 7-ஐ ஸ்ட்ரம் செய்கிறதென்றால் பியானோக்காரர் இடது கையை எடுத்துவிட்டு, நடு சி-க்கு மேலே சி-யும் ஜி-யும் மட்டும் வாசித்தால் போதும், மூன்றாவதும் ஏழாவதும்.

கேப்போ (கிட்டார் கழுத்தில் மாட்டி எல்லாத் தந்திகளையும் அழுத்தும் கவ்வி) போட்டிருந்தால் பெயரைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி ஏ மைனர் 7 வடிவம் பிடித்தால் ஒலிப்பது சி மைனர் 7. கிட்டார்காரர் பழக்கத்தில் "ஏ மைனர் 7" என்று சொல்ல, பியானோக்காரர் அதையே அழுத்த, இரண்டு பேரும் ட்யூனிங்கைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார்கள். ஒன்று, சி மைனர் 7 என்று ஒலிக்கும் பெயரைச் சொல்லுங்கள். இல்லையென்றால் கீபோர்டில் டிரான்ஸ்போஸை 3 ஏற்றிவிட்டு இருவரும் ஏ மைனர் 7 என்றே பேசிக்கொள்ளுங்கள். பாட்டு முடிந்ததும் அதை 0-வுக்குக் கொண்டுவருவது கீபோர்டுக்காரர் பொறுப்பு.